வராத தந்தையின் உரிமை

பாடசாலை அனுமதிப் பதிவேட்டிலே 'தந்தை அல்லது பாதுகாவலர்' என்றொரு நிரல் உண்டு. நேயர்களே, என் உத்தியோக வாழ்க்கையில் என்னை அதிகம் தடுமாற வைத்தது இந்த நிரல்தான்.

ஒருநாள் ஓர் அம்மையார் எட்டு வயதுச் சிறுவனைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். அவனைப் பெற்றவளின் தங்கை அவர். தமக்கை காலமானபின் தாமும் தம் கணவருமாகப் பையனை வளர்த்து வந்தனர். தந்தையோ பிள்ளைக்கு இரண்டு வயதாயிருக்கையில் தொழில் தேடிப் போனவர். கடிதமும் இல்லை, காசும் இல்லை. "அந்த மனுசன்ரை பேரை வெட்டிப்போட்டு இவரின்ரை பேரைப் போடுங்கோ ஐயா" என்றார். கிராம அலுவலரின் கடிதம் ஒன்று கொண்டுவந்தாற் போதும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். அது பிழை என்பதைச் சட்டத்தரணியான நண்பரொருவர் பின்னர் எனக்கு உணர்த்தினார்.

தந்தை ஒருவர் ஆறு வருடமன்று, பத்து வருடம் வராதிருப்பினும், அவ்வராமை ஒன்றினாலேயே அவருடைய உரிமை அற்றுப்போவதில்லை. சத்தியக் கடதாசியோ, உறவினர் கூடியெடுத்த தீர்மானமோ அதனை அறுக்கமாட்டா. நீதிமன்றம் இடும் கட்டுக்காப்புக் கட்டளைகூடப் பிள்ளை யாரிடம் வாழ்வது என்பதைத் தீர்க்கின்றதேயன்றி, பிள்ளை யாருடையது என்பதைத் தீர்ப்பதில்லை. முற்றாக அறுப்பது மகவேற்புக் கட்டளையே. இலங்கையில் அதற்கு வழிசெய்தது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம்.

பெற்றவரின் சம்மதமின்றி அக்கட்டளை பிறவாது என்பது பொதுவிதி. ஆயின் அவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தாலோ, கண்டுபிடிக்கப்பட முடியாதவராயிருந்தாலோ, சம்மதம் கொடுக்கும் நிலையில் இல்லாதிருந்தாலோ, அச்சம்மதம் வேண்டாமென்று நீதிமன்றம் விலக்கலாம். விலக்கலாம் என்பதைக் கவனியுங்கள். விலக்கியே தீரவேண்டும் என்பதன்று. எனவே தேடியதற்குச் சான்று வேண்டும். கடைசியாக அறிந்த முகவரிக்குப் போய்த் திரும்பிவந்த பதிவுத் தபாலையும், அவருடைய தாய், தமையன்மாரை விசாரித்த விவரத்தையும் பத்திரமாக வைத்திருத்தல் நன்று. பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டப்படும்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியிலேதான். உரிமை போகும்போது கடமையும் உடன் போகின்றது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ்ப் பிள்ளையைத் தாபரிக்கும்படி தந்தைக்குக் கட்டளையிடலாம். மகவேற்பு நடந்தபின் அந்தப் பாரம் ஏற்றவரைச் சேரும். கோபம் ஒன்றே காரணமாக நீதிமன்றப் படியேறுவோர், தகப்பனைத் தண்டிப்பதாக எண்ணி அவருடைய கடனைத் தள்ளிக் கொடுத்துவிடுகின்றனர்!

பழைய காலத்திலும் இது எளிதாக நடந்துவிடவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையில் மஞ்சள் நீர்ச் சடங்கு சொல்லப்படுகிறது. பெற்றோரும் உரித்துக்காரரும் அந்நீரில் விரல் தோய்ப்பர். பிள்ளையை ஏற்பவர் அதனைப் பருகுவர். அங்கே பெரிதும் நோக்கப்பட்டது சொத்து. விரல் தோய்க்க வேண்டியவர் ஊரிலேயே இல்லையென்றால் என் செய்வது? அந்தக் கேள்விக்கே பிற்காலச் சட்டம் விடை தேடிற்று.

போர்க்காலத்திற் காணாமற்போன தந்தையரை இக்கணக்கிற் சேர்த்தல் தகாது என்பது என் எண்ணம். போனவர் வேறு, இழக்கப்பட்டவர் வேறு. இறந்தார் என்று சொல்லாமற் காணாமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழொன்றை 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஏற்படுத்தியது. அத்தகைய வீட்டுப் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதற்கு எவருடைய உரிமையையும் அறுக்க வேண்டியதில்லை. பாதுகாவலர் பெயர் போதும். இதனைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்வது அதிபர்களாகிய எங்கள் பொறுப்பு.

முன்சொன்ன சிறுவனின் வழக்கு முடியுமுன் அவனுக்குப் பத்து வயது கடந்துவிட்டது. சம்மதமா என்று கேட்டபோது, "அப்பாவின்ரை படத்தை வீட்டிலை வைச்சிருக்கலாமோ?" என்று திருப்பிக் கேட்டானாம். அதற்குத் தடையில்லை என்று அறிந்தபின்னரே தலையசைத்தான். கட்டளையின் இலக்கத்தையும் திகதியையும் நிரலின் ஓரத்தில் எழுதி, சித்தப்பாவின் பெயரை நானே பதிந்தேன்.