பிள்ளைகளின் ஆங்கிலமும் நமது சங்கக் கூடமும்

சங்கங்களில் நகைக் கடன் மனுக்களைப் பார்வையிடுங்கால், 'பிள்ளையின் படிப்புச் செலவு' என்னும் காரணம் அடிக்கடி காணப்படுகிறது. அச்செலவில் ஒரு பகுதி ஆங்கில டியூஷனுக்குச் செல்வதை அங்கத்தினர்களே கூறக் கேட்டிருக்கிறேன். தறியிலும் வயலிலும் ஈட்டிய பணம் கல்விக்குச் செலவாவது நன்றே. ஆனால் செலவுக்குத் தக்க பலன் விளைகிறதா என்று ஆராய்வது நமது கடமையாகும்.

நமது மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சிக்குத் தடையின்றி மேலேறி வரும் பிள்ளை, பத்தாம் வகுப்பில் அரசுப் பொதுத் தேர்வை எதிர்கொள்கிறது. அங்கே ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 35 மதிப்பெண் பெற்றாக வேண்டும். பாலிடெக்னிக் முதலிய மேற்படிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆதலின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளே அஸ்திவாரமிடுவதற்கு உரிய காலம்.

பிள்ளையின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் ஒரு பகுதியைத் தங்கு தடையின்றி வாசிக்கும் பிள்ளையிடம், அதே பகுதியின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் விரலால் சுட்டிக் காட்டுங்கள். பல பிள்ளைகள் விழிக்கக் காண்பீர்கள். அவர்கள் வாசித்ததன்று அது, மனப்பாடமாக ஒப்பித்தது. இத்தகைய பிள்ளைக்கு டியூஷனில் மறுநாள் பாடத்தின் விடைகளையே எழுதிக் கொடுத்தால், நோட்டுப் புத்தகம் நிறையுமேயன்றி மொழியறிவு வளராது.

இடர்ப்பாடு எங்கே உளது? தமிழில் எழுத்தைக் கற்றால் சொல்லைப் படித்து விடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்களைக் கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. ஒரே 'யு' என்னும் எழுத்து, 'புட்' என்பதில் உகரமாகவும், 'கட்' என்பதில் அகரமாகவும் ஒலிக்கிறது. மேலும், தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பையைக் குறிக்கிறதோ, மூட்டை கட்டுவதைக் குறிக்கிறதோ தெரியாது. ஆங்கிலத்தில் அவை இரண்டும் ஒலியாலும் எழுத்தாலும் வேறுபட்டவை. வாக்கிய அமைப்பும் அவ்வாறே. 'நான் சேலை நெய்கிறேன்' என்பதில் வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'நான் நெய்கிறேன் சேலை' என்னும் முறையில் வினை நடுவில் வரும். இவ்வேற்றுமைகளைத் தமிழிலேயே விளக்கிச் சொன்னால் பிள்ளையின் அச்சம் பெரிதும் நீங்கும்.

ஆகவே கற்பிப்பவர் செய்ய வேண்டுவது யாதெனில், பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பாராமல், எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதாகும். மும்பையில் 1995-இல் தோன்றிய 'பிரதம்' என்னும் நிறுவனம், தாய்மொழி வாசிப்பிலும் கணக்கிலும் இம்முறையைக் கையாண்டு, வகுப்பை விடுத்து வாசிக்கும் திறனைக் கொண்டே பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தது. ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட குழு. நாள்தோறும் முக்கால் மணி நேரம். முதலில் ஒலிப் பயிற்சி. பின்னர் பிள்ளையின் படிக்கு ஏற்ற சிறுகதையொன்றை உரக்க வாசித்தல். அடுத்து அதன் பொருளைத் தமிழில் சொல்லுதல். இறுதியில் மூன்று வாக்கியங்களைச் சொந்தமாக எழுதுதல். வாரத்திற்கு ஒரு நாள் நீண்ட நேரம் படிப்பதினும் நாள்தோறும் சிறிது படிப்பதே மனத்தில் நிலைக்கும்.

சொற்களுக்கும் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஷேர், லோன், பாஸ் புக், ஸ்டாக், டிசைன், ரிபேட், பம்புசெட், ஸ்பிரேயர் ஆகிய சொற்கள் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகின்றன. செவிக்குப் பழகிய இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதக் கற்பித்தால், புதிய சொற்களைக் கற்கும் துணிவு தானே வரும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பாவு பிணைக்கும் பொழுதோ, களத்தில் நெல் காயும் பொழுதோ, பிள்ளையை அருகில் இருத்தி வாசிக்கச் சொல்லி, "இதற்கு என்னம்மா பொருள்?" என்று கேட்டாலே போதும். பொருள் சொல்லத் தெரியாத இடத்தில் பிள்ளையே தன் குறையை உணர்ந்து மறுநாள் கேட்டறியும்.

இதற்குச் சங்கம் என்ன செய்யலாம்? 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் பண்டகசாலை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் பிற்பாடு தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் நடத்தினர். நமது மாநிலத்திலும், கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடு செய்ய, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப் பெற்றது. அவ்வவ்வூர்த் தன்னார்வலர்களே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்தனர்.

நமது சங்கக் கூடங்கள் மாலையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. அங்கத்தினர் வீடுகளில் கல்லூரி முடித்த மகனோ மகளோ இருக்கின்றனர். இடத்தைச் சங்கம் தரலாம்; துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து கரும்பலகையும் கதைப் புத்தகங்களும் வாங்கலாம்; கற்பிப்போர்க்குப் பெற்றோர் சேர்ந்து சிறு தொகை அளிக்கலாம். தனித்தனியே நகையை அடகு வைத்துச் செய்யும் செலவினும் இது மிகக் குறைவாகவே இருக்கும். ஒருவரால் இயலாததைப் பலர் கூடி முடிப்பதற்கே சங்கம் கண்டோம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக.