மெக்ரோ பிழைத்தால் எப்படிக் கேட்பது?

கடன் கணக்கும் காசோலைக் கணக்கும் பல கடைகளில் கொப்பியை விட்டு எக்செலுக்கு வந்துவிட்டன. கூடவே, வேலையைத் தானாகச் செய்யும் சிறு கட்டளைத் தொகுப்பான மெக்ரோவும் வந்துவிட்டது. அது பிழைத்தால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கிறோம். அவர்களில் பெரும்பாலானோர் கூலி வாங்காமல் பதில் சொல்பவர்கள். "மெக்ரோ வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதுவது, வைத்தியரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்வதற்குச் சமம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வாடிக்கையாளர் தந்த காசோலையின் திகதியை 05/04/2025 என்று பதிகிறோம். நாம் நினைப்பது ஏப்ரல் 5. ஆனால் மெக்ரோ அதை வெறும் எழுத்தாகக் கட்டத்தில் எழுதும்போது, எக்செல் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்து வாசிக்கும். காசோலை மே 4 ஆகிவிடும். வங்கியில் போட ஒரு மாதம் பிந்திவிடும். 25/04/2025 என்று பதிந்தால் மாதம் மாறாது. 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே! அதனால்தான் இந்தப் பிழை இலகுவில் கண்ணில் படுவதில்லை.

"திகதி பிழையாக வருகிறது" என்று மட்டும் கேட்டால், கட்டத்தின் வடிவத்தை மாற்றச் சொல்வார்கள். தோற்றம் மாறும், மே மாதம் மாறாது. நான் என்றால் இப்படிக் கேட்பேன்:

"எக்செல் 2016, விண்டோஸ் 10. 05/04/2025 பதிந்தேன். ஏப்ரல் 5 வரவேண்டும். மே 4 வந்தது. 25/04/2025 பதிந்தால் மாதம் மாறவில்லை. கட்டத்தின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. திகதியை எழுதும் வரிகள் கீழே உள்ளன."

விடயம் தெரிந்தவருக்கு இது போதும். வருடம், மாதம், நாள் மூன்றையும் பிரித்து 'டேட்சீரியல்' என்ற கட்டளைக்குக் கொடுக்கச் சொல்வார். வேலை முடிந்தது.

இன்னும் சில விடயங்கள். கட்டளை வரிகளைப் படமாக எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். அப்போதுதான் உதவுபவர் தன் கணனியில் போட்டுப் பார்க்கலாம். திரையில் பிழைச் செய்தி வந்தால் அதன் இலக்கத்தையும் வாசகத்தையும் ஓர் எழுத்தும் மாறாமல் தாருங்கள். முழுக் கோப்பையும் அனுப்பவே வேண்டாம். யார் எவ்வளவு கடன் என்பது நம்மிடம் உள்ள அமானிதம். பெயர், தொலைபேசி இலக்கம், தொகை எல்லாவற்றையும் நீக்கி, கற்பனையாக இரண்டு மூன்று வரிகள் போட்டால் போதும்.

பதில் சரிவந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நாளை இதே சிக்கலில் மாட்டும் இன்னொரு வியாபாரிக்கு அது உதவும்.