மாற்றலாகிப் போன எழுத்தருக்குப் பழைய கோப்பு ஏன் திறப்பதில்லை?

கேரள நகராட்சிகளுக்கு 2024 ஜனவரி 1 அன்று வந்த கே-ஸ்மார்ட் மென்பொருள், 2025 ஏப்ரலில் ஊராட்சிகளுக்கும் வந்தது. வைப்பின் தீவின் ஞாறக்கல், எடவனக்காடு ஊராட்சிகளும் அதில் அடக்கம். பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்து வரி எல்லாம் ஒரே இடத்தில். சரி, எதை யார் திறக்கலாம்?

ஆளாளுக்குத் தனித்தனியே அனுமதி கொடுத்தால் என்ன? ஓர் அலுவலகத்தில் 40 ஊழியர், 10 செயலி என்று வைத்துக்கொள்வோம். 400 அனுமதிகள்! ஒருவர் மாற்றலானால் அவருடைய பத்தையும் தேடி நீக்க வேண்டும். ஒன்றாவது விட்டுப்போகும், அலுவலகம் என்றால் அப்படித்தான்.

ஆகவே அனுமதி ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. எழுத்தர், பொறியாளர், செயலர் என 5 பொறுப்புகள் வகுத்தால், செயலிகளோடு அதிகபட்சம் 50 இணைப்பு, ஆட்களோடு 40. மொத்தம் 90தான். மாற்றலானவருக்கு ஒரே ஓர் இணைப்பை அறுத்தால் போதும். அமெரிக்காவில் ஃபெராயோலோ, கூன் என்ற ஆய்வாளர்கள் 1992இல் இந்த முறையை முறைப்படுத்தினார்கள்.

கட்டட விண்ணப்பத்தைப் பாருங்கள். எழுத்தர் ஆவணங்களைச் சரிபார்த்து மேலே அனுப்பலாம். 'ஒப்புதல்' பொத்தான் அவர் திரையில் இராது. ஆனால் பொத்தானை மறைப்பது வெறும் ஒப்பனை. ஒவ்வொரு சொடுக்கின்போதும் 'இவருக்கு இந்த உரிமை உண்டா?' என்று சர்வர் மறுபடி சரிபார்ப்பதுதான் உண்மையான பூட்டு.

இத்தனையையும் ஒரு காரியம் கெடுத்துவிடும்: கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்குச் சொல்வது. ஒப்புதல் யார் கொடுத்தாலும் பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயர்தான்.