வீடியோ கேப்சர் கருவி திடீரென வேலை செய்யவில்லையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்திருந்த யுஎஸ்பி கேப்சர் கருவி இப்போது வேலை செய்யவில்லையே?"

உடனே புதுக் கருவி வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். கருவி சொல்வதை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு புரோகிராம்தான் டிரைவர். விண்டோஸ் 11, 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட் டிரைவர் அதில் ஓடாது. எக்ஸ்பி காலத்து சிடியில் பல சமயம் அதுதான் இருக்கும்.

முதலில், ஸ்டார்ட் பட்டனை ரைட்-கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா? அதை டபுள்-கிளிக் செய்யுங்கள். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

எந்த டிரைவரைத் தேடுவது? டப்பாவின் மேல் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஒரே மாதிரி தோற்றமுள்ள மலிவுக் கருவிகளுக்குள் வெவ்வேறு சிப்கள் இருக்கும். டீடெயில்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடியைத் தேர்வு செய்து, பிஐடி என்பதன் பின்னுள்ள எண்ணைப் பாருங்கள். 0408 என்றால் பெரும்பாலும் எஸ்டிகே1160 சிப். 2860 என்றால் எம்பியா. 3002 என்றால் யுடிவி007. அந்த சிப்புக்கான 64-பிட் டிரைவரைக் கருவி தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் இலவச புரோகிராம்கள் பக்கம் போகவே வேண்டாம்.

மஞ்சள் முக்கோணம் இல்லை, ஆனால் படம் மட்டும் கறுப்பா? செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா என்று போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி கொடுங்கள். கேப்சர் கருவியையும் விண்டோஸ் கேமராவாகவே பார்க்கிறது. ஒலிக்கு மைக்ரோபோனிலும் இதே அனுமதி தேவை. பிறகு கேப்சர் புரோகிராமில் வீடியோ முறை பால் என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியக் கேசட்டுகள் பெரும்பாலும் பால்தான்.

சோதனைக்குக் கல்யாண கேசட்டைப் போடாதீர்கள்! ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப் சற்றே தேயும். பழைய விசிஆர் அதைக் கடித்துவிடவும் கூடும். டிவிடி பிளேயரின் மஞ்சள் பின்னை இணைத்துச் சோதித்தால் போதும்.

64-பிட் டிரைவரே கிடைக்கவில்லையா? உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே இயக்கிப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று சிப்களுக்கும் லினக்ஸ் கெர்னலில் டிரைவர் உண்டு. மாறி பத்து நாட்கள் ஆகவில்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் மூலம் விண்டோஸ் 10-க்கே திரும்பி, கேசட்டுகளை ஏற்றி முடித்துவிட்டு மறுபடி மாறலாம்.