கணக்கு முடியாத பார்ட்னர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசைக்குக் காத்திருப்பது ஒரு தவம். தோசை வருவதற்குள் நாட்டுப் பிரச்னைகள் அத்தனையையும் பேசித் தீர்த்துவிடலாம். போன வாரம் நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொண்ட பிரச்னை, விஸ்வநாதன்-ராமமூர்த்தி.

ஆரம்பித்து வைத்தது பேங்க் நண்பரின் செல்போன். யாரோ டி.வி.யிலிருந்து பிடித்து வைத்திருந்த துண்டு. கலங்கலான படம், கரகர சத்தம். 2012 ஆகஸ்ட் 29-ல் நடந்த பாராட்டு விழா. அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா, ரெண்டு பேருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசும், ஒரு காரும் கொடுத்தாரே, அதேதான். ராமமூர்த்திக்கு வயது 90. எம்.எஸ்.வி.க்கு 84.

"நம்ம ஊர்க்காரர்யா! டி.கே.ராமமூர்த்தியில 'டி' எதுக்குன்னு நெனச்சீங்க? திருச்சிராப்பள்ளி!" என்றார் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், மலைக்கோட்டையையே தான் கட்டியது மாதிரி.

"ஊர் உங்களுது சார், டியூன் யாருது?" என்று சீண்டினார் பேங்க்.

அவ்வளவுதான். பக்கத்து டேபிள்காரர்கூட சாம்பாரை மறந்துவிட்டார்.

ரெண்டு பேரும் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். அவர்கிட்ட ராமமூர்த்தி வயலின் வாசித்தார். 1952-ல் சுப்பராமன் திடீரென்று காலமாக, பாக்கி இருந்த வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் என்.எஸ்.கே. டைரக்ட் செய்த 'பணம்' படத்தில் ஜோடியாக அறிமுகம். வயதில் ஆறு வருஷம் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பேர் வந்தது ரெண்டாவதாக! 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம். 1964-ஐ மட்டும் பாருங்கள்... 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை'. ஒரே வருஷத்தில்!

அடுத்த வருஷம், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். ஏன்? எங்கள் டேபிளில் மட்டும் நாலு காரணம் வந்தது. நாலு பேரில் ஒருத்தர்கூட அந்த ஸ்டுடியோ வாசலை மிதித்தவர் இல்லை!

"எம்.எஸ்.வி. தனியா நூத்துக்கணக்குல படம் பண்ணினார். உங்காளு?"

"'சாது மிரண்டால்' கேட்டிருக்கியா? 'தங்கச் சுரங்கம்'?" என்ற போஸ்ட்மாஸ்டர், கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எண்ணிக்கை கம்மிதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

1995-ல் சத்யராஜின் 'எங்கிருந்தோ வந்தான்' டைட்டிலில் மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்தார்கள். முப்பது வருஷ இடைவெளி. 'பழைய மாயம் வரலையே' என்பது பேங்க்காரரின் தீர்ப்பு. "மாயம் கெடக்கட்டும். மனுஷங்க வந்தாங்களா இல்லையா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

எனக்குத் தோசை இறங்கவில்லை.

காரணம் இருக்கிறது. நானும் என் பி.காம். கிளாஸ்மேட்டும் மாடி ரூம் பிடித்து, கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஆபீஸ் நடத்தினோம். ஆறு வருஷம் ஓடியது. ஒரு பிரின்டர் வாங்குவதில் வந்த சண்டையில் பிரிந்தோம். படித்த படிப்புக்குத் துரோகம் செய்யாமல் டேபிள், சேர், ஃபேன் எல்லாவற்றையும் முறையாகப் பங்கு போட்டோம். குட்வில்லுக்குக்கூட ஒரு தொகை எழுதினோம் சார்! அதன்பிறகு நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவன் இருப்பது ஸ்ரீரங்கத்தில், பஸ்ஸில் பத்து நிமிஷம். எதிரே பார்த்தால் ரெண்டு பேருக்கும் திடீரென்று சுவர் போஸ்டர்மேல் அக்கறை வந்துவிடும்.

மறுபடி அந்தத் துண்டைப் போடச் சொன்னேன். அந்த விழா முடிந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை, 2013 ஏப்ரல் 17-ல் ராமமூர்த்தி போய்விட்டார். 2015 ஜூலை 14-ல் எம்.எஸ்.வி.யும். பொற்காசு கணக்கு எனக்கு மனசில் நிற்கவில்லை. இந்த எட்டு மாசக் கணக்குதான் உறுத்தியது.

கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் போன் போட்டேன். நம்பரை எப்போதோ அழித்தாகிவிட்டது, விரல் அழிக்கவில்லை.

"என்னடா, கால்குலேட்டரைக் கேக்கப் போறியா? அது ரிப்பேர்" என்றான், ஹலோகூடச் சொல்லாமல்.

"வேண்டாம். நெய் தோசை சொல்லியிருக்கேன், வா."

வந்தான். பில்லை யார் கொடுப்பது என்று மறுபடி சண்டை. போஸ்ட்மாஸ்டர்தான் கொடுத்தார்!