துணி மாற்று அச்சுக்கான படக்கோப்பு

துணி மாற்று அச்சு என்பது ஒரு படத்தை முதலில் தாளிலோ நெகிழிப் படலத்திலோ அச்சிட்டு, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் துணிக்கு மாற்றும் முறையாகும். பின்னலாடைத் தொழில் நகரான திருப்பூரில் டி-சட்டைகளுக்கு இம்முறையும் பயன்படுகின்றது. கொல்லிமலை போன்ற சுற்றுலா இடங்களின் பெயரும் படமும் கொண்ட சட்டைகளைச் சிறு எண்ணிக்கையில் அச்சிட இது ஏற்றது.

வகைகள்

பதங்கமாதல் முறையில் சாயம் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் வளிமமாகிப் பாலியெசுத்தர் இழைக்குள் புகுகிறது. பருத்தியில் இது நிலைப்பதில்லை. பருத்திக்குப் படல முறை (டிடிஎப்) உகந்தது. இதில் படலத்தின்மேல் முதலில் வண்ணமும் அதன்மேல் வெள்ளையும் அச்சாகின்றன. ஈரமான மையில் பசைத்தூள் தூவி உருக்கப்படுகிறது. இரு முறைகளிலும் படம் இடவலமாகத் திருப்பியே அச்சிடப்படும். இதனை அச்சு மென்பொருளே செய்யக்கூடுமாதலால், வரைபவரும் திருப்பினால் சட்டையில் எழுத்து தலைகீழ்ப் பக்கமாக வரும்.

படத்தின் தரம்

உண்மை அளவில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பொது வழக்கம். 30 செ.மீ. அகலப் படத்திற்கு ஏறக்குறைய 3,543 படவணுக்கள் (பிக்சல்) தேவை. 900 படவணு அகலமுள்ள படத்தை அந்த அளவிற்குப் பெருக்கினால் அங்குலத்திற்கு 76 மட்டுமே கிடைக்கும். மென்பொருளில் எண்ணை 300 என மாற்றுவதால் விவரம் கூடாது. ஜேபெக் கோப்பில் ஒளிபுகும் பின்னணி இல்லை. அதனால் கறுப்புச் சட்டையில் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழும். பிஎன்ஜி இக்குறையைத் தவிர்க்கும்.

ஆகாய கங்கை அருவியின் நீர்த்திவலை போன்ற அரை ஒளிபுகும் பகுதிகள் படல முறையில் தொல்லை தருபவை. அவற்றின்கீழ் வெள்ளை மை படிந்து திட்டாகத் தெரியும். எனவே அவற்றைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே கோடாக வரைந்தால் கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நன்று. மெல்லிய கோட்டில் பசை போதிய அளவு ஒட்டாது. திரையில் ஒளிரும் மலைப்பச்சை, நால்வண்ண மையில் மங்கியே வரும்.

தமிழ் எழுத்துகள்

மிகுதியான பிழை நேர்வது இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட "கொல்லிமலை", அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமாய்த் தோன்றும். ஒருங்குறியிலும் சிக்கல் உண்டு. அதில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பின்னரும் சேமிக்கப்படுகின்றன. இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டாத மென்பொருளில் "லை"யின் ஐகாரக் குறி லகரத்திற்குப் பின்னால் விழும். போட்டோசாப், இல்லசுட்ரேட்டர் ஆகியவற்றில் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பைத் தெரிவு செய்ய வேண்டும்.

இதற்குத் தீர்வு, எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்புவதாகும். மாற்றியபின் எழுத்தைத் திருத்த இயலாதாகையால் மூலக்கோப்பைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். மெய்ப்புப் பார்ப்பதும் மாற்றிய கோப்பிலேயே நடக்க வேண்டும். திரும்பிய படலத்தில் தமிழறிந்தவருக்கும் விடுபட்ட புள்ளி எளிதில் புலப்படாது.

தொடர்புடைய பக்கங்கள்: திருப்பூர், ஒருங்குறி, திசையன் வரைகலை, கொல்லிமலை