மெலிவுக்கு வேண்டும் வலிமை

பழந்தமிழ் இசைநூலார் ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். மந்தரம், மத்திமம், தாரம் என்று பிறர் வழங்குவனவும் இவையே. தாழ்ந்த நிலைக்கு மெலிவு என்று பெயரிட்ட நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. மனிதச் செவி தாழ்ந்த ஒலியை மெலிந்த ஒலியாகவே கேட்கிறது என்பதை இன்றைய அளவுகருவிகளும் மெய்ப்பிக்கின்றன. மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் திருவிழா மேடை ஏறும் இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் இவ்வுண்மையோடு நாளும் மல்லுக்கு நிற்கின்றனர். மேடையில் எவ்வளவு ஒலியைக் கூட்டினாலும் திடலின் கடைக்கோடியில் இருப்பவருக்கு ஒன்றும் எட்டுவதில்லை. வீட்டிலோ எவ்வளவு குறைத்தாலும் அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுகின்றனர். ஒரே கருவி ஓரிடத்தில் கேளாமலும் மற்றோரிடத்தில் வேண்டாதார்க்குக் கேட்டும் வருத்துவது எதனால்?

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. ஏனைய மூன்றும் முறையே 55, 73, 98 முறை அதிர்வன. ஆடவர் ஒருவர் இயல்பாகப் பேசும் குரலின் அதிர்வு ஏறத்தாழ 120 ஆகும். எனவே, விரல் வைக்காத நிலையில் இக்கருவியின் நான்கு தந்திகளும் ஆண்குரலுக்கும் கீழே நிற்பன. இத்துணைத் தாழ்ந்த ஒலியைச் செவி எங்ஙனம் ஏற்கிறது என்பதை 1933 ஆம் ஆண்டில் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அளந்து காட்டினர். அவர்தம் வரைகோடுகள் பின்னர்த் திருத்தம் பெற்று உலகத் தர அளவாயின. அவற்றின்படி, விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலி 40 டெசிபெல் அளவில் எவ்வளவு உரக்கக் கேட்குமோ, அவ்வளவு உரக்க 40 அதிர்வுள்ள ஒலியும் கேட்க வேண்டுமாயின், அது 83 டெசிபெல் அளவை எட்டுதல் வேண்டும். ஆற்றற் கணக்கில் இஃது ஏறத்தாழ 20,000 மடங்கு! ஒலி உரத்துச் செல்லச் செல்ல இந்த இடைவெளி சுருங்கும். தணியத் தணிய விரியும். இக்கடைசிச் செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வீட்டுப் பயிற்சியின் தொல்லை முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

செவியின் குறை ஒருபுறம் இருக்க, காற்றை அசைப்பதும் எளிதன்று. ஒரே அளவு ஒலியைத் தருவதற்கு, அதிர்வு பாதியாகுந்தோறும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதனாற்றான் பேஸ் ஒலிபெருக்கிகள் பெரிய கூம்பும் கனத்த பெட்டியும் உடையனவாயின. சாதாரணக் கிட்டாருக்கென்று செய்த ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டாரைச் செருகி உரக்க வாசித்தால், கூம்பு தன் எல்லையைக் கடந்து கிழிந்து போதலும் உண்டு. கிட்டார்க்காரரின் ஆம்பை ஒருநாளைக்கு இரவல் பெறுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. 1951 இல் அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸ் என்னும் கிட்டாரை வெளியிட்டது. மறு ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஒலிபெருக்கியையும் கொணர்ந்தது. 1960 இல் ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 வந்தது. அதன் வலிமை 25 வாட். கூம்பு ஒன்று, குறுக்களவு 15 அங்குலம். 1969 இல் அதே நிறுவனம் 300 வாட் வலிமையுள்ள எஸ்.வி.டி. என்பதை ஆக்கியது. ஒன்பது ஆண்டில் பன்னிரண்டு மடங்கு! இசை அரங்குகள் சிற்றறைகளிலிருந்து விளையாட்டுத் திடல்களுக்குப் பெயர்ந்ததன் அடையாளம் அது.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மின்கிட்டார் மோகத்தைப் பரப்பியதில் 1961 இல் சிங்கப்பூருக்கு வந்த கிளிப் ரிச்சர்ட், ஷேடோஸ் குழுவினருக்குப் பெரும்பங்கு உண்டு. அதன்பின் ‘குகிரான்’ என்று மலாய் மொழியில் வழங்கிய கிட்டார்க் குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன. முன்னணிக் கிட்டார், தாளக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம் என்னும் நான்குமே அவற்றின் அமைப்பு. தமிழிளைஞர்களும் இதில் பின்தங்கவில்லை. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் பாடிய அல்லிகேட்ஸ் குழு நாடறிந்தது. எனினும், தோட்டத்து மேடைகளில் பேஸ் கிட்டாருக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தது தமிழ்த் திரையிசையே எனலாம். 1976 இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமான இளையராஜா, பேஸ் கிட்டாரைத் தாளத்திற்குப் பின்பாட்டாக மட்டும் வைக்காமல், பாட்டுக்குள் ஓடும் மற்றொரு பாட்டாகவே அமைத்தார். அவர் குழுவில் அதனை வாசித்தவர் சசிதரன். அப்பாடல்களை மேடையேற்றும் குழுவில் பேஸ் ஒலி கேளாமற் போனால், பாடலின் பாதி போயிற்று. தாழ்ந்த ஒலியின் அருமை மலாக்காவுக்குப் புதிதுமன்று. செட்டி சமூகத்தார் உள்ளிட்ட நான்கு இனத்தார் பாடிவருவதும் 2018 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இடம் பெற்றதுமான தொண்டாங் சாயாங்கில், வயலினுக்கும் ரெபானாவுக்கும் கீழே நின்று தாங்குவது கோங் மணியின் ஆழ்ந்த ஓசையே.

திடலும் மேடையும்

சேங்கிலுள்ள சந்நியாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசிமகம் போன்ற பெருவிழாவாயினும், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் கோயிலின் ஆண்டுவிழாவாயினும், இன்னிசை நிகழ்ச்சி பெரும்பாலும் வெட்டவெளியிலேயே நடைபெறும். பழைய பெரட்டுக் களமோ பள்ளித் திடலோ அரங்கமாகும். வெட்டவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரில்லை. தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கிக்கு 2 மீட்டர் தொலைவில் வாசிப்பவர் கேட்கும் ஒலி, 32 மீட்டரில் அமர்ந்திருக்கும் பாட்டியை அடையும்போது 24 டெசிபெல் தேய்ந்துவிடும். அதனை ஈடு செய்ய 250 மடங்கு ஆற்றல் வேண்டும். 100 வாட் பெட்டிக்கு மாற்றாக 200 வாட் பெட்டி வாங்குவோர் பெறும் ஆதாயம் 3 டெசிபெல் மட்டுமே. அது செவிக்குச் சற்றே புலப்படும் வேறுபாடு. கடன் பட்டுப் பெரிய பெட்டி வாங்கி ஏமாறுவோர் இக்கணக்கை முதலில் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் வழி யாது? மேடையில் உள்ள பேஸ் ஒலிபெருக்கி திடலுக்காக அன்று. வாசிப்பவருக்கும் அருகில் நிற்கும் டிரம்காரருக்குமே உரியது. திடலுக்கு ஒலியைக் கொண்டு செல்லும் பணியைப் பொது ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்தல் வேண்டும். இன்றைய பேஸ் ஒலிபெருக்கிகள் பலவற்றின் பின்புறத்தில் ‘டி.ஐ.’ என்று குறித்த வெளிவாய் ஒன்று உண்டு. அதிலிருந்து மைக்குக்குரிய மூன்று முனைக் கம்பியைக் கலவைப் பலகைக்கு இழுத்துவிட்டால் போதும். அவ்வாய் இல்லாத பழைய பெட்டிகளுக்கு டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவி தனியே கிடைக்கும். 1960களில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிலையத்தார் பேஸ் கிட்டாரை ஒலிபெருக்கியின்றி இவ்வாறு நேரே இணைத்தே இசைத்தட்டுப் பதிவு செய்தனர் என்பதால், இம்முறையின் தரத்தில் ஐயுற வேண்டியதில்லை. அவ்வாயருகே முன், பின் என மாற்றும் விசை இருந்தால் ‘முன்’ நிலையில் வைத்தல் நலம். மேடையில் வாசிப்பவர் தம் வசதிக்காகத் திருகும் திருகல்கள் அப்பொழுது திடலின் ஒலியைக் கெடுக்கமாட்டா.

இதிலும் ஒரு தடை உண்டு. சில கோயில்களில் அறிவிப்புக்கும் பாட்டுக்கும் ஒரே குழாய் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவர். கிராமபோன் குழாய் போன்ற அக்கருவி பேச்சுக்காக ஆனது. 41 அதிர்வுள்ள ஒலி அதில் எழவே எழாது. ஆகவே நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி வாடகை பேசும்பொழுதே, தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டிகள் வருமா என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். வரா எனின், ஒலிபெருக்கியில் இடைநிலை ஒலியைக் கூட்டுவதே வழி. அடியொலி கேளாவிடினும், அதன்மேல் எழும் கிளையொலிகளைக் கொண்டு செவி அடியொலியைத் தானே ஊகித்துக்கொள்ளும். கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரிலும் பேஸ் ஓட்டத்தை ஒருவாறு பின்தொடர முடிகிறதல்லவா? அதன் காரணம் இதுவே. உறுமி மேளம் உடனிருக்கும் நிகழ்ச்சிகளில் இம்முறை இன்னும் பயன் தரும். உறுமியின் ஆழ்ந்த ஒலியோடு போட்டியிடுவதைவிட அதற்குச் சற்று மேலே நின்று ஒலிப்பது பேஸ் கிட்டாருக்கு எளிது.

இனிச் சொல்லப் போவது உயிரைப் பற்றியது. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் ஒலிபெருக்கி ‘உம்’மென்று இரையும். அவ்விரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் மூன்றாவது முனையாகிய எர்த் இணைப்பைத் துண்டித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கொலைக்கு நிகர். 1972 மே 3 ஆம் நாள் வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின் தாக்கி மாண்டார். 1976 இல் யார்ட்பேர்ட்ஸ் குழுப் பாடகர் கீத் ரெல்ப், எர்த் சரியில்லாத கிட்டாரால் தம் வீட்டிலேயே உயிரிழந்தார். மழை நனைத்த புல்தரையில், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கோயில் மேடை ஏறும் வழக்கமுள்ள இடத்தில் இவ்வாபத்து பன்மடங்கு. இரைச்சலை நீக்கப் பாதுகாப்பான வழி டி.ஐ. பெட்டியிலேயே இருக்கிறது: அதிலுள்ள ‘கிரவுண்ட் லிப்ட்’ விசை ஒலிக்கம்பியின் தொடர்பை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் எர்த் அப்படியே இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் தானே வெட்டிக்கொள்ளும் விசை பொருத்திய இணைப்புப் பெட்டி ஒன்றைக் குழுவினர் சொந்தமாக வைத்திருப்பது பெரிய செலவன்று.

லயமும் தாமானும்

வீட்டுக்கு வருவோம். பழைய லயத்து வீடுகளுக்கு இடையே இருப்பது பலகைச் சுவர். தோட்டங்களை விட்டுப் பெயர்ந்தோர் குடியேறிய தாமான் வரிசை வீடுகளிலோ ஒரு செங்கல் கனமுள்ள பொதுச்சுவர். சுவர் ஒலியைத் தடுக்கும் வலிமை, அதிர்வு பாதியாகுந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். பாட்டும் பேச்சும் சுவரில் நின்றுவிட, பேஸ் ஒலி மட்டும் ஊடுருவிப் போகும். அடுத்த வீட்டார் கேட்பது இசையன்று. பொருளற்ற ‘தும் தும்’ என்னும் இடி மட்டுமே. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவருக்கும், பத்து பிரண்டம், தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டைகளில் இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்குகிறவருக்கும் அது எவ்வளவு துன்பம்! அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடாயின் சொல்லவே வேண்டா.

இங்கேதான் வாசிப்பவர் தவறு செய்கிறார். ஒலியைத் தணித்தவுடன், முன்னர்க் கூறிய செவியின் இயல்பால், தாழ்ந்த சுரம் முதலில் மறைகிறது. உடனே அவர் பேஸ் திருகலை முழுவதும் கூட்டுகிறார். தமக்குச் சிறிதே கூடுகிறது. அடுத்த வீட்டாருக்கோ இடி பெருகுகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. பேஸ் திருகலைக் குறைத்து, 400 முதல் 800 அதிர்வு வரையுள்ள இடைநிலையைக் கூட்டினால், சுரங்கள் தெளிவாய்க் கேட்கும். சுவரைக் கடப்பது குறையும். விரலின் பிழைகளும் அப்பொழுது மறைவின்றித் தெரியும் என்பது பயிற்சி பெறுவோருக்கு மற்றோர் ஆதாயம்.

பெட்டியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. மூலையில் வைத்தால் இரு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். பலகைத் தரையில் வைத்தால் தரையே மத்தளமாகும். கனத்த நுரைமெத்தையின் மேலோ நாற்காலியிலோ ஏற்றி, பொதுச்சுவரிலிருந்து விலக்கி, காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தால் ஒரு வாட்டுக்கும் குறைந்த ஒலியே பயிற்சிக்குப் போதுமானது.

இரவில் ஹெட்போன் ஒன்றே முறை. பயிற்சிக்கான சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றில் அதற்கான வாயும், கைப்பேசிப் பாட்டை உட்செலுத்தும் வாயும் உண்டு. இளையராஜா பாடலை ஓடவிட்டு உடன் வாசிக்கலாம். வால்வு வகைப் பழைய ஒலிபெருக்கியை மட்டும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டலாகாது. அதன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். ஹெட்போனிலும் அளவு வேண்டும். மலேசியாவின் 2019 ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் வேலையிடத்துக்கு வைத்த எல்லை, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடமே உண்டு. தாழ்ந்த சுரம் செவிக்கு மெலிந்து தோன்றுவதால், பேஸ் வாசிப்போர் தம்மை அறியாமலே இவ்வெல்லையைத் தாண்டுவர்.

இரண்டுக்கும் ஒரே பெட்டி போதுமா என்று வினவுவோர் உளர். மண்டபத்திலும் திடலிலும் பொது ஒலிபெருக்கி கிடைக்குமாயின், 12 அங்குலக் கூம்பும் 100 வாட் அளவும் டி.ஐ. வாயும் ஹெட்போன் வாயும் உடைய ஒரு பெட்டி இரு பணிக்கும் ஈடுகொடுக்கும். முன்னாளில் இருவர் தூக்கிய சுமை இன்று இல்லை. டி வகுப்பு என்னும் புதிய மின்சுற்று வந்தபின், சில நூறு வாட் தரும் தலைப்பகுதிகள் 3 கிலோவுக்கும் குறைந்த எடையில் கிடைக்கின்றன. மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவிலிருந்து மஸ்ஜித் தானாவுக்குக் கொண்டு போகலாம். பழைய பொருள் வாங்குவோர் பின்புறத்துத் தகட்டை முதலில் படித்தல் வேண்டும். ஜப்பானில் விற்பனையானது 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்பனையானது 120 வோல்ட்டுக்கும் உரியது. மலேசியாவின் 230 வோல்ட்டில் அதனை நேரே செருகினால் முதல் இசையே கடைசி இசையாகும்.